சொல்லிக்கொண்டு போவது

ஜூன் 4

அப்பாவின் வாயை சுகி கையால் பொத்தியதைத்தான் முதலில் கவனித்தேன்.

அப்பா நாக்பூர் லோடுக்குக் கிளம்பினார். லாரி பட்டறை ரோட்டு முனையில் நின்றிருந்தது. கிளீனர் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஹாரன் அடித்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி சாமி, அப்பா போயிட்டு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சுகி எக்கி உள்ளங்கையை அவர் வாயில் வைத்து அழுத்திவிட்டாள். மீசை குத்தியிருக்கும். கையை எடுக்கவில்லை. அப்பா விளையாட்டு என்று நினைத்து, கடிப்பது போலச் செய்தார். சுகி சிரிக்கவில்லை. அப்புறம் அவரும் சிரிக்கவில்லை. அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் போனார்.

நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தேன்.

இந்த டைரி டயர் கடையில் அப்பாவுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு டயர் படம். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்து மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். அம்மா தை மாதம் காய்ச்சலில் இறந்தாள். நான் பத்தாவது பரீட்சை எழுதவில்லை. எனக்குப் பதினாறு வயது. தங்கை சுகிக்கு ஏழு. எங்களைப் பற்றி எழுத அவ்வளவுதான் இருக்கிறது.

ஜூன் 9

துணி துவைத்தேன். ரேஷனில் பாமாயில் இல்லை. சுகி போய்க் கேட்டு வந்தாள்.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அம்மா இருந்தபோது சுகி வாசலில் நின்று, "அம்மா போயிட்டு வர்றேன், அக்கா போயிட்டு வர்றேன், மாடி அக்கா போயிட்டு வர்றேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். பட்டறையில் லாரிக்குத் தகரம் அடிக்கும் அண்ணன்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு, "சரி, போயிட்டு வாங்க மேடம்" என்பார்கள். இப்போது பையை மாட்டிக்கொண்டு நழுவிவிடுகிறாள். பாத்திரம் துலக்கிவிட்டுத் திரும்பினால் ஆள் இருப்பதில்லை.

என் மேல் ஏதோ கோபம். நேற்று இட்லி கல்லாக இருந்தது. அதுவாக இருக்கலாம்.

ஜூன் 15

ஈரோட்டிலிருந்து பெரியம்மா வந்தார். அம்மாவுக்கு அக்கா. நான் கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"ஏம்புள்ள கோகிலா, வந்தவள வான்னு கூப்புட மாட்டியா? உங்கொம்மா வாய வெச்சே ஊர வித்துட்டு வருவா. நீ யாரக் கொண்டு பொறந்தியோ."

"வாங்க பெரியம்மா."

"ஆங், உள்ள வந்து உக்காந்தப்பறம் சொல்லு."

சுகியைத் தன்னோடு கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார். பெரியம்மா மகள் தாரணி மூன்றாவது படிக்கிறாள். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போய் வரலாம், ஒரே பாயில் படுக்கலாம் என்றார். "நீயே பச்ச மண்ணு. நீ ஒரு புள்ளய வளக்கறியாக்கும்? உங்கப்பன் மாசத்துல பாதி நாளு ரோட்டுல கெடக்கறான். அவன் வந்தா சோறாக்க நீ இரு. இவ வரட்டும். அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

நான் காபித் தம்ளரைக் கழுவினேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

சுகியின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தார். சுகி அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "ராசாமணி வீட்டுக்கு எட்டிப் போயிட்டு வர்றேன் புள்ளைங்களா" என்றார். அவ்வளவுதான். சுகி பாய்ந்து பெரியம்மாவின் வாயைப் பொத்தினாள். மூக்குக் கண்ணாடி தெறித்துக் கீழே விழுந்தது. பெரியம்மா கையைப் பிடித்து இழுக்க, அவள் வீறிட்டாள். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டவளை வெளியே எடுக்க வெகு நேரம் ஆயிற்று.

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"கொழந்தைக்கு நெஞ்சுல பயம் தங்கிருச்சு. இந்த நெலமையில புது ஊருக்கு எப்பிடிக் கூட்டிட்டுப் போறது? பயம் தெளியட்டும். தெளிஞ்சுதுன்னா அடுத்த வருசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப கூட்டிட்டுப் போயர்றேன்."

துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். சாயங்காலம் சுகியிடம் காசு கொடுத்து, தேங்காய் பர்பி வாங்கித் தின்னச் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை, தோன்றிற்று.

ஜூன் 16

பேன் பார்க்கும்போது கேட்டேன்.

"ஏன்டி பெரியம்மா வாயப் பொத்துன?"

"பெரியம்மாதான் சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சு."

"எப்ப?"

"அன்னைக்கு. எல்லாரும் கெளம்பறப்ப வாசல்ல நின்னுக்கிட்டு, 'வர்றேன்னு சொல்லாதீங்க, அப்பிடியே போங்க'ன்னு சொல்லிச்சு. எழவு வூட்டுல வர்றேன்னு சொன்னா இன்னொருக்கா எழவுக்கு வர்ற மாதிரி ஆயிரும்."

நானும் அன்றைக்குப் பார்த்தேன். சனங்கள் ஒருவர் பின் ஒருவராக, துண்டை உதறிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதை ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அது அன்னைக்கு மட்டுந்தான்டி."

"எது வரைக்கும்? இது எப்ப எழவு வூடு இல்லாமப் போகும்?"

சீப்பை மறுபடியும் அவள் தலையில் இழுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வர்றேன்னு சொல்லிச்சா?" என்றாள்.

"நீ தூங்கிட்டிருந்த."

"உங்கிட்டச் சொல்லிச்சா?"

"பாலு அடுப்புல இருக்குது, பாத்துக்கன்னு சொல்லிச்சு."

சுகி யோசித்தாள். அது எந்தக் கணக்கில் வரும் என்று அவளுக்குப் புரியவில்லை போல. எனக்கும்தான்.

ஜூன் 20

மாடி வீட்டு ரங்கநாயகியக்கா குழாய்க்கு வந்தபோது கேட்டேன். "அக்கா, எழவு வீடுன்னா எது வரைக்குங்க்கா?"

"காரியம் முடிஞ்சா தீட்டு முடிஞ்சுது அம்மிணி. ஆனா வருசம் திரும்பற வரைக்கும் நோம்பி, பண்டிகைன்னு எதுவும் கும்பிடறதில்ல. ஏன், யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

மேலே பல் விளக்கிக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர், "எங்க மாமியா வந்துட்டுப் போனா எங்க வூடு ஒரு வாரத்துக்கு எழவு வூடுதான்" என்றார். அக்கா சொம்பை ஓங்கினார். நான் சிரித்துவிட்டேன். அக்கா என்னையே பார்த்தார். "ஒரு நாளைக்கு மேல வந்து உக்காரு புள்ள. இங்கயே கெடந்து என்ன பண்ற?"

சுகி தனியாக இருப்பாள் என்றேன். சுகி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஜூன் 29

ஞாயிற்றுக்கிழமை. ஒரு யோசனை செய்திருந்தேன். சுகியை வாசல்படியில் உட்கார வைத்தேன்.

"நான் சொல்லிட்டுத் தெருமுனைக் குழாய் வரைக்கும் போறேன். திரும்பி வர்றனா இல்லையான்னு நீயே பாரு."

"வேண்டாங்க்கா."

"பாத்துக்கிட்டே இருடி. கண்ணுக்குத் தெரியற தூரந்தான்."

செருப்பைத் தேடினேன். ஒன்று கட்டிலுக்கடியில் இருந்தது. மற்றது அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது, அதற்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. தட்டிப் போட்டுக்கொண்டேன். "போயிட்டு வர்றேன் சுகி" என்றேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் நடந்தேன். தெரு அகலமாக இருந்தது. பட்டறையில் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். குழாயைத் தொட்டுவிட்டு வேகமாக வந்துவிட்டேன்.

சுகியின் முகம் வேர்த்திருந்தது. என் கையைப் பிடித்து, "உனக்கு ஏன்க்கா கை நடுங்குது?" என்றாள்.

வேகமாக நடந்ததால் என்றேன்.

ஜூலை 8

தினமும் சுகி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போய் வருகிறேன். இன்று மாரியம்மன் கோயில் முக்கு வரை. அங்கே போனால் வாசலிலிருந்து தெரியாது. சுகி அழவில்லை. ஆனால் நான் வந்ததும் தோளைத் தொட்டுப் பார்த்தாள், காய் வாங்கும்போது அழுத்திப் பார்ப்பது போல.

ஜூலை 19

மளிகைக் கடை வரை போனேன். கடைக்காரர், "யாரு, தெய்வான மகளா? எங்க புள்ள, இத்தன மாசமா வெளியூர்லயா இருந்த?" என்றார்.

ஆமாங்க என்றேன். சீரகம் கேட்க மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

இன்று ஆடிப் பதினெட்டு. எல்லார் வீட்டிலும் பாயசம். எங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. மாடி அக்கா ஒரு சொம்பில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சுகி குடித்தாள். எனக்கு முந்திரியை எடுத்து வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 22

காலையில் சுகி வாசலில் நின்று "போயிட்டு" என்றாள். மீதியை முழுங்கிவிட்டு ஓடினாள். தோசை கருகும் வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 10

அப்பா சூரத்திலிருந்து பேசினார். போனில் எனக்கு ம், ம் என்றுதான் வரும். சுகி முழு வாக்கியமும் சொன்னாள்: "அப்பா, நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல."  அப்பா பக்கத்தில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

பெரியம்மாவும் பேசினார். "எப்பிடி இருக்கறா? தெளிஞ்சுதா?" பார்க்கலாங்க பெரியம்மா என்றேன்.

செப்டம்பர் 11

இன்று நான் எங்கும் போய் வரவில்லை. வெயில்.

செப்டம்பர் 12

இன்றும் இல்லை. மழை வருவது போல் இருந்தது.

செப்டம்பர் 17

"ஏன்க்கா இப்பெல்லாம் போக மாட்டீங்கற?" என்று சுகி கேட்டாள். கால் வலி என்றேன். பொய்யில்லை. சாயங்காலம் லேசாக வலித்தது.

செப்டம்பர் 25

காலாண்டு லீவு. நான் போகாவிட்டால் என்ன, சுகியே போய் வருகிறாள். தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். ஒருவர் சொல்லிவிட்டு ஓட வேண்டும், பட்டறை வாசலில் நிற்கும் பழைய டயரைத் தொட்டுவிட்டு மற்றவர்கள் கண் திறப்பதற்குள் வர வேண்டும். தெரு முழுக்க "போயிட்டு வர்றேன்" என்று கத்துகிறார்கள். பட்டறை அண்ணன், "இதுக மத்தியானம் பூரா போயிட்டே வருதுக, ஒரு வழியாப் போய்த் தொலையாதுகளா" என்றார்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சுகிக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. என்னிடம் சொல்லவேயில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்த பலகாரம் சமையல் மேடையில் இடமில்லாமல் நிறைந்துவிட்டது. அப்பா வந்திருந்தார். முறுக்கை ஒடித்து வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் லோடு இருப்பதாகச் சாயங்காலமே கிளம்பினார். வாசலில் தயங்கி சுகியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். அப்பா சொன்னார். முழுவதும் சொன்னார். என்னிடமும் தனியாக ஒருமுறை சொன்னார். நான் ம் என்றேன்.

ஜனவரி 6

புது வருஷத்துக்கு டயர் கடையில் டைரி கொடுக்கவில்லையாம். இந்தப் பழைய டைரியில் ஜனவரி முதல் மே வரை வெறும் பக்கங்கள். போன ஜனவரியில் நான் எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கங்களிலேயே எழுதுகிறேன்.

ஜனவரி 24

அம்மாவுக்கு வருஷத் திதி. ஐயர் வந்தார், போனார். பெரியம்மா வடைக்கு அரைத்தார். சுகி தாரணியோடு மொட்டைமாடியில் காக்காயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா வா, வா, வடை இருக்குது" என்று கத்தினாள், அழாமல்.

பெரியம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புள்ள நல்லா ஆயிட்ட மாதிரி இருக்குதே கோகிலா. பயம் இன்னும் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குதுங்க பெரியம்மா. ராத்திரியில."

கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. விளக்கை அணைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. சுகி தூங்கிய பிறகும் விளக்கு எரிந்தால்தான் நல்லது.

பிப்ரவரி 11

உளுந்து காயப்போட்டேன். குருவி வந்தது. விரட்டவில்லை.

மார்ச் 18

தயிர்ச்சோறு தின்றுகொண்டே சுகி, "அம்மா எப்பவும் உப்புப் போட மறந்துரும்ல?" என்று சிரித்தாள்.

அம்மா ஒருநாளும் மறந்ததில்லை. மறப்பது நான். சுகி எங்கள் இரண்டு பேரையும் கலந்துவிட்டாள். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

மே 17

பெரியம்மா தாரணியோடு வந்து தங்கியிருக்கிறார். ஈரோட்டுப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருக்கிறாராம். சுகியும் தாரணியும் காலையிலிருந்து ஒரே சட்டைத் துணியில் இரண்டு பேருக்கும் தைப்பது பற்றியும், ஆட்டோவில் யார் ஓரத்தில் உட்காருவது என்பது பற்றியும் சண்டை போட்டார்கள். நான் கீரை ஆய்ந்தேன்.

மத்தியானம் பெரியம்மா சுகியை மடியில் இழுத்து, "என்ன சாமி, எங்கூட வர்றியா?" என்றார். சுகி வாயைத் திறந்தாள். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சுகி பெரியம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"அய்யோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாளா!" என்று பெரியம்மா பதறினார். சுகி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழும் சத்தம் வந்தது. ஆனால் போன வருஷம் அழுத சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. குனிந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீரே இல்லை. கட்டில் காலை நகத்தால் சுரண்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

பெரியம்மாவும் தாரணியும் மாடி அக்கா வீட்டுக்குப் போன பிறகு நானும் கட்டிலுக்கடியில் நுழைந்தேன். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை.

"எதுக்குடி நடிக்கற?"

"நடிக்கல."

"சுகி."

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"நானும் போயிட்டா நீ ஒத்தையில இருப்பியேக்கா. உனக்குத்தான பயம்."

"எனக்கென்ன பயம்?"

"அன்னைக்குக் கொழாய்க்குப் போனப்ப உனக்குத்தான கை நடுங்குச்சு? தெனமும் நீ போயிட்டு வந்தப்பறம் நான் தொட்டுப் பாப்பனே, அது எதுக்குன்னு நெனச்ச? நடுக்கம் நின்னுச்சான்னு பாக்கத்தான்."

தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. வெளியே வந்துவிட்டேன். மீதிக் கீரையை ஆய்ந்து முடித்தேன். தண்டு எது, இலை எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தேன்.

மே 18

பெரியம்மா ஊருக்குப் போய்விட்டார். "இந்த வருசமும் ஆகாது போல" என்றார். நான் பையை எடுத்துக் கொடுத்தேன்.

சுகி நாள் முழுவதும் தாரணி விட்டுப்போன ரிப்பனைத் தலையில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மே 19

அப்பாவை நானே போனில் கூப்பிட்டேன். இதுவரை நான் கூப்பிட்டதில்லை. அப்பா பயந்துவிட்டார். "என்ன ஆச்சு சாமி? சுகிக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்கப்பா. சுகி நல்லா இருக்கறா."

"அப்பறம்?"

"அதாங்கப்பா. நல்லா இருக்கறா. எப்பவோ நல்லாயிட்டா. நாந்தான் பெரியம்மாகிட்ட இல்லைன்னு சொன்னேன். பெரியம்மாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அப்பா வண்டியை ஓரங்கட்டியது கேட்டது. ஹாரன் சத்தங்கள் எல்லாம் எங்கேயோ தள்ளிப் போயின.

"நீ என்ன பண்ணுவ கண்ணு?"

"தெரியலீங்கப்பா."

அப்பா என்னோடு இவ்வளவு நேரம் பேசியதேயில்லை. அதில் பாதி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

மே 24

சுகியிடம் சொன்னேன். "நெசமாவா?" என்றாள். அப்புறம், "நீ?" என்றாள். "எனக்கு ஆயிரம் வேல இருக்குது, போடி" என்றேன். சிறிது நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு ரிப்பனைத் தேடப் போய்விட்டாள்.

மே 27

சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன். உள்பாவாடைகளில் பேர் எழுதினேன். தாரணியுடையதோடு கலந்துவிடும்.

மே 30

பெரியம்மா தாரணியோடு காலையிலேயே வந்துவிட்டார். நானும் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டேன்.

ஈரோட்டு பஸ்ஸில் கூட்டம். தாரணி முன்னாலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கே பேசினதுதான, எனக்குத்தான் ஜன்னல்!" என்று சுகி கத்திக்கொண்டே ஏறினாள். பெரியம்மா, "ரெண்டு பேத்தையும் எறக்கி விட்டுட்டு நான் மட்டும் போயிருவேன், பாத்துக்கங்க" என்றார். நான் கீழே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் விசில் அடித்தார். பெரியம்மா எட்டிப் பார்த்து, "பத்திரமா இரு புள்ள, வெள்ளிக்கெழம பேசறேன்" என்றார். சுகி தாரணியின் கையை ஜன்னல் கம்பியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பஸ் திரும்பும்போதும் பிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. மறந்துவிட்டாள்.

பஸ் நின்றிருந்த இடத்தில் ஆயில் சொட்டிக் கறையாக இருந்தது. அடுத்த பஸ் வந்து அந்த இடத்தில் நின்றது. நகரும்மா என்று யாரோ சொன்னார்கள். நகர்ந்தேன்.

எதிரில் டீக்கடை. டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் யாரும் இல்லை. சிறிது நேரம் ஓரமாக நின்றேன். பிறகு முன்னால் போய், ஒரு டீ என்றேன். கடைக்காரருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். நின்றுகொண்டே முழுவதும் குடித்தேன்.